ஆபரேஷனுக்குப் பிறகு: கல், புராஸ்டேட், சிறுநீர்ப்பை சிகிச்சை பெற்றவர்கள் கவனத்திற்கு

 

நமது டிரஸ்ட்டுக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் சிறுநீரகக் கல், புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப் பாதை அடைப்பு ஆகிய மூன்றும் மாதம் தவறாமல் வருகின்றன. வெயில் சுடும் ஊர் நம்முடையது. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் வளைகுடா நாடுகள் அதைவிடச் சுடுபவை. வியர்வை ஆறாக ஓட, தண்ணீரைக் குறைவாகக் குடித்தால் கல் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆபரேஷன் என்றதும் குடும்பம் கூடிவிடுகிறது. நகையை அடகு வைத்தாவது, பைத்துல்மாலில் கேட்டாவது பணம் திரட்டிவிடுகிறார்கள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று செய்தி வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி.

அதன் பிறகு "ரிவ்யூவுக்குப் போனீர்களா?" என்று நாம் கேட்டால் வரும் பதில்தான் கவலை தருகிறது. "வலி இல்லீங்க, அதனால போகல." சிறுநீர் சம்பந்தமான ஆபரேஷன்களில் பலவற்றுக்கு, டாக்டர் திரும்ப வரச் சொல்லும் அந்தத் தேதியும் சிகிச்சையின் ஒரு பகுதி. சிலருக்கு அன்றைக்குத்தான் சிகிச்சையே முடிகிறது. அது ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

உள்ளே இருக்கும் குழாய்

சிறுநீரகக் கல்லை எடுக்க இப்போது வயிற்றைக் கிழிப்பது அரிது. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்கி எடுக்கிறார்கள். இதை யூ.ஆர்.எஸ்., ஆர்.ஐ.ஆர்.எஸ். என்று சொல்வார்கள். கல் பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு எடுப்பார்கள். அது பி.சி.என்.எல்.

எந்த முறையானாலும், ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு மெல்லிய, வளையும் குழாயை உள்ளே வைத்துவிடுவார்கள். ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நிற்கும். பெரியவர்களுக்கு வைப்பது ஏறக்குறைய ஒரு சாண் நீளம், 24 முதல் 26 சென்டிமீட்டர் வரை இருக்கும். இதுதான் டி.ஜே. ஸ்டென்ட். கருவி போய்வந்த பாதை சில நாள் வீங்கியிருக்கும். பொடியான கல்துகள்களும் வழியில் சிக்கலாம். அப்போது சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்கும் புண் ஆறுவதற்கும் இந்தக் குழாய் துணை செய்கிறது. எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை ஆபரேஷனைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார். சிலருக்கு ஒரு வாரம், பலருக்கு இரண்டு முதல் ஆறு வாரம். பொதுவாக மூன்று மாதத்திற்கு மேல் அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

வேலை முடிந்த பிறகும் குழாய் உள்ளேயே கிடந்தால், சிறுநீரில் இருக்கும் உப்புகள் அதன் மேல் படிகின்றன. கிணற்றடிக் குழாயில் உப்புப் பிடிப்பது நமக்கெல்லாம் தெரியும், ஏறக்குறைய அது போலத்தான். கல்லை எடுக்க வைத்த குழாயின் மேலேயே புதுக் கல் வளர்கிறது. நாளாக நாளாகக் குழாய் விறைத்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், இழுத்தால் உடைந்துவிடும். அடைப்பு ஏற்படும், கிருமி சேரும், சிறுநீரகம் வீங்கும். இதில் கொடுமை என்னவென்றால், மெதுவாக உண்டாகும் அடைப்புக்குப் பல நேரம் வலியே இருக்காது. சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

உதவி கேட்டு நம்மிடம் வந்த ஒரு சகோதரரின் கதை இதுதான். விடுமுறையில் ஊர் வந்தபோது கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் விடுமுறை முடிந்து சவூதிக்குத் திரும்பிவிட்டார். அங்கே முதுகு லேசாக இழுக்கும், சில நாள் சிறுநீர் சிவந்து போகும், வெயில் சூடு என்று நினைத்து மோர் குடித்துச் சமாளித்திருக்கிறார். இரண்டு வருடத்திற்குப் பிறகு குளிர்க் காய்ச்சலோடு படுத்தபோதுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் முழுக்கக் கல். அதை எடுக்க மட்டும் மூன்று முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். குழாய் இருந்த பக்கத்துச் சிறுநீரகம் இப்போது பெயருக்குத்தான் இருக்கிறது. முதல் ஆபரேஷனுக்கு ஆன செலவைப் போலப் பல மடங்கு இரண்டாவது முறை ஆனது. குறித்த தேதியில் போயிருந்தால் சில நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

இப்படி விட்டுவிடுகிறவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பலருக்கு உள்ளே குழாய் இருப்பதே தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பையோடு ஒரு குழாய் வெளியே தொங்கும். அது கதீட்டர். வீட்டுக்கு அனுப்பும் முன் அதைக் கழற்றிவிடுவார்கள். "குழாயை எடுத்தாச்சு" என்று நர்ஸ் சொல்வது அந்தக் கதீட்டரைத்தான். வெளியே தெரியாத இந்தக் குழாய் உள்ளேயே இருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் சிலர் ஸ்டென்ட் என்ற பெயரைக் கேட்டு, நெஞ்சில் வைக்கிற ஸ்டென்ட் மாதிரி இதுவும் ஆயுளுக்கும் இருக்கும் போல என்று நினைத்துவிடுகிறார்கள். இதய ரத்தக் குழாயில் வைப்பது அங்கேயே இருக்கும். சிறுநீர்ப் பாதையில் வைப்பது எடுக்கப்பட வேண்டியது. நீண்ட நாள் தேவைப்படும் நோயாளிகளுக்கும் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும், படித்த பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "டி.ஜே. ஸ்டென்டிங்" என்றோ, "ஸ்டென்ட் இன் சிட்டூ" என்றோ எழுதியிருந்தால் குழாய் உள்ளே இருக்கிறது என்று பொருள். வலது பக்கமா, இடது பக்கமா, இரண்டு பக்கமுமா என்பதும் இருக்கும். இரண்டு பக்கமும் வைத்தவருக்கு இரண்டையும் எடுத்தாக வேண்டும். காகிதம் தொலைந்துபோயிருந்தாலும் பதற வேண்டாம், வயிற்றுப் பகுதியை ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் குழாய் தெரிந்துவிடும். முன்பு எப்போதோ கல் ஆபரேஷன் செய்து, குழாய் எடுத்த ஞாபகமே இல்லை என்பவர்கள் இதைப் படித்த கையோடு அந்த எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

குழாய் இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் வரும், வந்தால் அடக்க முடியாது. சிறுநீர் கழிக்கும்போது விலாப்பக்கம் சுருக்கென்று இழுக்கும். அதிகம் நடந்தால், மாடி ஏறினால் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும், தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியதே. தொந்தரவு அதிகமானால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதைக் குறைக்க மாத்திரை உண்டு. அந்த மாத்திரையில் சில வகை, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றச் செய்யும். வயதானவர்கள் தஹஜ்ஜுதுக்கோ சுபுஹுக்கோ எழும்போது சிறிது நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் விழாமல் தப்பிக்கலாம்.

எடுக்கும் முறையைப் பற்றித்தான் ஊரில் தேவையில்லாத பயம். மரத்துப்போகும் ஜெல் போட்டு, சிறுநீர் வரும் வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, ஸ்டென்டின் முனையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். குழந்தைகளுக்கும், வலி தாங்காதவர்களுக்கும் மயக்கம் கொடுத்துச் செய்வதுண்டு. ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். ஒன்றுக்கு ரத்தம் கலந்து வரலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகும்.

சபுராளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்

வெளிநாடு செல்லும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடுமுறையில் ஆபரேஷன் செய்வதாக இருந்தால், டிக்கெட் தேதியை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாய் எடுப்பது எப்போது என்று கேட்டு, அதற்குப் பிறகு பயணத்தை வையுங்கள். ஊருக்கு வந்த கடைசி வாரத்தில் ஆபரேஷன் செய்துகொள்வது சரியான ஏற்பாடு அல்ல. தவிர்க்க முடியாமல் குழாயோடு போக நேர்ந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். எடுக்க வேண்டிய தேதியை எழுதிக்கொள்ளுங்கள். துபையிலோ ஜித்தாவிலோ உள்ள எந்தச் சிறுநீரியல் டாக்டராலும் அதை எடுக்க முடியும். வைத்த டாக்டரே எடுக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

கர்ப்பிணிப் பெண்களுக்குக் கல் அடைத்து, பிரசவம் வரை சமாளிக்கக் குழாய் வைப்பதுண்டு. கர்ப்ப காலத்தில் குழாயின் மேல் உப்பு மிக வேகமாகப் படியும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். "பிரசவம் முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கணவர் வெளிநாட்டில், அழைத்துப்போக ஆண் துணை இல்லை, டாக்டரோ ஆண், அதனால் போகவில்லை என்று சொல்லும் சகோதரிகள் பலர். கூச்சம் இயல்பானது, அது ஈமானின் பகுதியும்கூட. சிறுநீரியலில் பெண் டாக்டர்கள் குறைவு. ஆனால் பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. உம்மாவையோ ராத்தாவையோ உள்ளே துணைக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், திரை போடச் சொல்லலாம். தேவைக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் என்ற வரம்போடு ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை நம் ஃபிக்ஹு சட்டங்கள் அனுமதிக்கின்றன.

புராஸ்டேட் ஆபரேஷன் செய்த பெரியவர்கள்

ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படுவது சகஜம். சிறுநீர் வழியாகவே கருவி செலுத்தி அதைச் சுரண்டி எடுப்பது டி.யூ.ஆர்.பி. வெளியே தையல் எதுவும் தெரியாததால், வாப்பா பத்தாவது நாளே பழையபடி கடைக்குக் கிளம்பிவிடுவார். சுரண்டிய புண் உள்ளே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் நினைவூட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்குவது, சைக்கிள், பைக்கில் நீண்ட தூரம் போவது, முக்கி மலம் கழிப்பது, இல்லறம் எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம் கொடுங்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்திற்குள் உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும்போது சிறுநீரில் திடீரென ரத்தம் வரலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் நின்றுவிடும். கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ உடனே போக வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாமாகத் தொடங்கவும் கூடாது, நிறுத்தியே வைக்கவும் கூடாது.

சில வாரங்களுக்குச் சிறுநீர் அவசரமாக வரும், சொட்டும். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பெரியவர்களின் வழக்கம். அது தவறு. அடர்ந்த சிறுநீர் எரிச்சலைக் கூட்டும், கிருமிக்கும் வழி விடும். ஆபரேஷனுக்குப் பிறகு விந்து முன்பு போல் வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு வெளியேறுவதும் உண்டு. உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் குழந்தைப்பேறு எதிர்பார்ப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதைப் பேசிவிட வேண்டும்.

ரிவ்யூவின் முக்கியக் காரணம் வேறொன்று. சுரண்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட், அல்லது எச்.பி.இ. ரிப்போர்ட் என்பார்கள். அது வருவதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுவார். பெரும்பாலும் சாதாரண வீக்கம் என்றே வரும். சிலருக்கு அதில் புற்றுநோய் இருப்பது தெரியவரும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் ஆஸ்பத்திரி மேசையிலேயே கிடந்தால் யாருக்கு என்ன பயன்? "ரிப்போர்ட் எப்போது வரும், யாரிடம் வாங்க வேண்டும்?" என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். வாங்கிய ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் பீரோவில் வைப்பதும் வாங்காமல் விடுவதும் ஒன்றுதான்.

சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்தவர்களுக்கு இதைவிடக் கண்டிப்பு வேண்டும். இந்தக் கட்டிகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் குணம் உண்டு. அதனால் முதல் கேமராப் பரிசோதனை பொதுவாக மூன்றாவது மாதத்திலேயே செய்யப்படுகிறது, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஆண்டுக்கணக்கில் தொடரும். வலியில்லாமல் ஒருமுறை ரத்தம் வந்து நின்றுவிட்டால்கூட அது செய்திதான். பீடி, சிகரெட் பழக்கம் இந்தக் கட்டிக்கு முக்கியக் காரணம். ஆபரேஷனுக்குப் பிறகும் புகைப்பவர்களுக்கு நாம் சொல்ல வேறொன்றும் இல்லை.

தொழுகையும் நோன்பும்

நம்மிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சிறுநீர்ப் பையோடு இருப்பவர், சொட்டிக்கொண்டே இருப்பவர் எப்படித் தொழுவது? "சுத்தமில்லை, குணமானதும் மொத்தமாகக் கழாச் செய்துகொள்ளலாம்" என்று தொழுகையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மறுபுறம், தொழ முடியவில்லையே என்ற வருத்தத்தில் கதீட்டரைச் சீக்கிரம் கழற்றச் சொல்லி டாக்டரை நெருக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை.

சிறுநீர் தொடர்ந்து கசியும் நோயாளியை மஃதூர், அதாவது தக்க காரணம் உடையவர் என்று ஃபிக்ஹு கூறுகிறது. அவர் தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, ஒளுச் செய்து, அப்படியே தொழுதுகொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒருமுறை செய்த ஒளு அந்தத் தொழுகை நேரம் முடியும் வரை செல்லும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகை, மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே காட்டிக்கொடுத்தது. முதுகில் துளை போட்டவர்களுக்கும் புராஸ்டேட் புண் ஆறாதவர்களுக்கும் நாற்காலித் தொழுகை சில வாரம் சௌகரியமாக இருக்கும். நோயாளி ஜும்ஆவுக்கு வர முடியாவிட்டால் வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். உங்கள் நிலைக்கேற்ற நுணுக்கமான சட்டங்களைப் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, ஹஜ்ரத் அவர்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல.

கதீட்டரோடு வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது: தொழுகைக்கு முன் பையைக் காலி செய்துவிடுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமி பரவும். குழாய் மடங்காமல், இழுபடாமல் தொடையில் ஒட்டிவைக்க வேண்டும். தினமும் சோப்பு, தண்ணீரால் குழாய் நுழையும் இடத்தைக் கழுவுங்கள். தொடும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள்.

ரமளான் நெருங்கினால் குழாய் எடுக்கும் தேதியைப் "பெருநாளைக்குப் பிறகு" என்று தள்ளிப்போடும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. டாக்டர் சம்மதித்தால் சரி. அவர் கூடாது என்றால் அன்றே போய்விடுங்கள். சிறுநீர்ப் பாதையில் கருவி செலுத்தினால் நோன்பு முறியுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நோயாளி அந்த நோன்பை வேறு நாளில் நோற்கலாம் என்ற அனுமதி குர்ஆனிலேயே (2:185) இருக்கிறது. அண்மையில் கல் ஆபரேஷன் செய்தவர்கள் அந்த வருடம் நோன்பு வைக்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வைப்பவர்கள் இஃப்தாரிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும்.

கல் மறுபடி வராமல்

கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருடத்திற்குள் மீண்டும் வருகிறது என்பது மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. ஆகவே எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, எந்த வகைக் கல் என்று ரிவ்யூவில் கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக் குடிக்க வேண்டும். பால், தயிரை நிறுத்தத் தேவையில்லை. குறைக்க வேண்டியது உப்பு. கருவாடும் ஊறுகாயும் இல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது, அதுதான் சிக்கல். இறைச்சியையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வலீமாவுக்குப் போய்விட்டு அளவைப் பற்றிப் பேசுவது எளிதல்ல என்பது நமக்கும் தெரியும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதைக் குடித்துக்கொண்டு ரிவ்யூவுக்குப் போகாமல் இருப்பதில் தவறு உண்டு. உள்ளே இருக்கும் குழாயை எந்தச் சாறும் கரைக்காது.

தேதி வரை காத்திருக்கக் கூடாத நேரம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் (100.4 டிகிரிக்கு மேல்), சிறுநீர் அறவே வராமல் வயிறு உப்புவது, ரத்தக் கட்டிகள், கதீட்டரில் சிறுநீர் இறங்காமல் நிற்பது, மாத்திரைக்கும் அடங்காத விலாவலி, தொடர் வாந்தி, விரை வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு, பகல் பார்க்காமல் போய்விடுங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதையில் அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் அது ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வாகனம் இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு.

ரிவ்யூவுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்க நினைப்பதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் போனதும் பாதி மறந்துவிடும். ஆபரேஷன் செய்தவரின் ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அரசு மருத்துவமனைகளில் சிறுநீரியல் ஓ.பி. எல்லா நாளும் இருக்கும் என்று சொல்ல முடியாது. தவறிய கிழமையில் மதுரை வரை போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், குழாய் எடுக்கும் செலவும் அதே அனுமதியில் அடங்குமா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று காப்பீட்டுப் பிரிவில் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தும் இன்னும் அட்டை எடுக்காத குடும்பங்கள் நம் மஹல்லாவில் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெறுவதிலிருந்து நாம் உதவுகிறோம்.

ரிவ்யூ தேதி தவறிப்போயிருந்தால், "இத்தனை நாள் கழித்துப் போனால் டாக்டர் திட்டுவார்" என்று பயந்து இன்னும் தள்ளிப்போடாதீர்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் ஐந்து மாதம் ஆகியிருந்தாலும் ஆறாவது மாதத்தைவிட இன்று எடுப்பது எளிது.

நமது டிரஸ்ட்டின் மருத்துவ உதவி இனி ஆபரேஷன் செலவோடு நிற்காது. ரிவ்யூவுக்குப் போய்வரும் பஸ் கட்டணம், குழாய் எடுக்கும் கட்டணம், அன்று கூலி இழப்பவருக்கு ஒரு நாள் உதவித் தொகை ஆகியவற்றையும் சேர்த்து வழங்க நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. உதவி பெறுபவரின் பெயருக்கு நேரே குழாய் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கிய தேதி ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதிவைக்கிறோம். தேதிக்கு மூன்று நாள் முன்பு வீட்டுக்குத் தகவல் வரும். டிரஸ்ட்டில் உதவி பெறாதவர்களும் தங்கள் தேதியை அந்த நோட்டில் பதிந்துகொள்ளலாம், விவரங்கள் வெளியே போகாது. பெண்களுக்குத் துணையாக வர மூன்று சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்தால் படித்துத் தமிழில் சொல்ல ஆள் இருக்கும். அசல் வேண்டாம், நகல் போதும்.